கரும்பச்சை அடிக்கமுன் சுவரைப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி ஓய்ந்து சுவர்கள் காயத் தொடங்கியதும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் கதையும் தொடங்கிவிடும். கல்லடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை, ஹோலின் ஒரு சுவருக்காவது கரும்பச்சை வேண்டும் என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். நல்ல நிறம்தான். முதிரைக் கதவுக்கும் பிரம்புக் கதிரைக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் பின்னால் அந்தப் பச்சை நிற்கிற வடிவு மற்ற நிறங்களுக்கு இலேசில் வராது. ஆனால் அடித்து ஆறு மாதத்துக்குள் "பெயின்ட் சரியில்லை" என்ற முறைப்பாடும் இந்த நிறத்துக்குத்தான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் பிழை பெயின்டில் இல்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கட்டிய சுவருக்குள் உப்பும் ஈரமும் இருக்கின்றன. வெள்ளையும் கிறீமும் அவற்றை இவ்வளவு காலமும் மறைத்துக்கொண்டிருந்தன. கரும்பச்சை மறைக்காது. இதை வீட்டுக்காரருக்கும், கடைக்காரருக்கும், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி சொல்லவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

முதலில் உப்பு. சீமெந்துப் பூச்சுக்குள் இருக்கும் உப்பு ஈரத்தில் கரைந்து சுவரின் முகத்துக்கு வரும். தண்ணீர் காற்றோடு போய்விடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். வெள்ளைச் சுவரில் அது பூத்தாலும் யார் கண்ணிலும் படாது. கரும்பச்சையில் அப்படியில்லை. நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் அரிசிமா தூவினதுபோல ஒரு கோடு தெரியும். தடவினால் விரலில் மாவாக ஒட்டும். கோட்டுக்குக் கீழே பெயின்டின் தோல் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பி நிற்கும். நகத்தால் தட்டினால் உடைந்து, உள்ளே இன்னும் வெள்ளை இருக்கும். இதைத் துடைத்துவிட்டு மேலே இன்னொரு கோட் அடிப்பவர்களே அதிகம். அடுத்த மாரி முடிய அதே கோடு நாலு விரல் மேலே வந்து நிற்கும்.

உப்பு எப்படி உள்ளே போகிறது? கரையோரத்தில் அள்ளிய மணலைப் பூச்சுக்குப் போட்டால் போகும். வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் உவர்ந்துபோகும் கிணற்றுத் தண்ணீரில் சீமெந்து குழைத்தால் போகும். அத்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுக்கும் படை போடாத வீட்டில் நிலத்திலிருந்தே ஏறும். படை போட்ட வீட்டிலும், பூமரம் வைக்கவென்று சுவரோடு மண்ணை அணைத்து அந்தப் படைக்கு மேலே கொண்டுவந்துவிட்டால் ஏறும். 2011 ஜனவரியில் போல வெள்ளம் நாட்கணக்கில் நின்ற சுவர் என்றால், தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலேயும் உப்பு ஏறியிருக்கும். இன்னொன்றும் உண்டு: உப்புள்ள பூச்சு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். விடியப்புறம் கறுத்து நனைந்தாற்போல இருக்கும் திட்டு, மத்தியானம் காய்ந்து வெளுக்கிறது என்றால் அது கூரை ஒழுக்கு இல்லை, உப்புத்தான்.

ஆகவே வண்ண அட்டையை விரிக்கமுன் இரண்டு சோதனை செய்யுங்கள். காசு செலவில்லை.

ஒன்று பொலித்தீன். 2 அடிக்கு 2 அடித் துண்டு ஒன்றைச் சுவரில் வைத்து, நாலு ஓரத்தையும் அகலமான டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி 24 மணித்தியாலம் விடுங்கள். நிலத்திலிருந்து 1 அடி உயரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று. கழற்றும்போது உள்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ, அந்த இடத்துச் சுவர் மற்ற இடத்தைவிடக் கறுத்திருந்தாலோ சுவர் இன்னும் ஈரம். கீழே ஈரமும் மேலே காய்ந்தும் இருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. இரண்டிலும் ஈரம் என்றால் பூச்சே காயவில்லை, அல்லது கூரைப் பீலி சுவரில் ஊற்றுகிறது.

மற்றது மஞ்சள். புதுப் பூச்சில் ஈரம் மட்டுமல்ல, சீமெந்தின் காரமும் நிற்கும். காரம் பெயின்டின் பசையை அரித்து, நிறத்தைத் திட்டுத் திட்டாக வெளிறச் செய்யும். குங்குமம் செய்ய மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ப்பார்கள் அல்லவா, அதே குணம்தான் இங்கே உதவுகிறது. சுவரின் ஒதுக்குப்புறமான ஒரு மூலையில் உள்ளங்கை அளவு இடத்தைக் குழாய்த் தண்ணீரால் நனைத்து, கலப்பில்லாத மஞ்சளைக் குழைத்துத் தடவி 5 நிமிடம் பொறுங்கள். மஞ்சளாகவே இருந்தால் காரம் தணிந்துவிட்டது. செங்கல் நிறத்துக்குச் சிவந்தால் இன்னும் பொறுக்கவேண்டும். இலேசான செம்மஞ்சள் என்றால், காரம் தாங்கும் பிரைமர் (பெயின்டுக்குக் கீழே அடிக்கும் முதல் படை) அடித்து வேலையைத் தொடங்கலாம். பூச்சு முடிந்து 28 நாள் என்பது ஆகக் குறைந்த கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் பூசிய சுவருக்கு அது போதாது, 3 மாதம் விடுங்கள். குடிபுகும் நாளைக் குறித்துவிட்டு அவசரப்படுத்தினால், முதல் வருசத்துக்கு வெள்ளை இமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ட்) ஒரு கோட் அடித்துக்கொண்டு குடியேறுவதே நல்லது. பச்சை அடுத்த வருசம் வரட்டும்.

சோதனையில் உப்பும் ஈரமும் தெரிந்தால் முதல் வேலை வெளியே. சுவரோடு அணைத்த மண்ணை, ஈரந்தடுக்கும் படைக்கு அரையடி கீழே போகும்வரை வெட்டி எடுங்கள். பீலியைத் திருத்துங்கள். பிறகு உள்ளே, உப்புக் கோட்டுக்கு மேலே இன்னும் 1 அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, கல் இடுக்கைச் சுரண்டி, சுவரைத் திறந்தபடி காயவிடுங்கள். திரும்பப் பூச ஆற்று மணல், குழாய்த் தண்ணீர், சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து என்ற கலவை. கொத்துமளவுக்குக் கேடில்லாமல் மேலாகப் பூத்திருந்தால், காய்ந்த தும்புப் பிரஷால் தேய்த்துக் கடதாசியில் ஏந்தி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கரைந்த உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். வாரத்துக்கு ஒருதரம் தேய்த்து, இரண்டு மூன்று வாரம் புதிதாகப் பூக்காமல் இருந்தால்தான் பிரைமர்.

நீர் தடுக்கும் பெயின்டை உள்ளே அடித்தால் எல்லாம் நின்றுவிடும் என்று சொல்லி விற்பவர்களை நம்பவேண்டாம். அந்தத் தோலுக்குப் பின்னால் உப்பு படிகமாக வளர்ந்து தோலையே தள்ளிக்கொண்டு வரும், அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும்.

கொத்திப் பூச இப்போது வசதியில்லை என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பழைய வீடுகளில் அழுக்குத் தெரியாமல் இருக்க நிலத்திலிருந்து 3 அடிக்குக் கடும் நிறமும் மேலே வெள்ளையும் அடிப்பார்கள். ஈரச் சுவரில் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கீழ்ப் பகுதியைப் பூச்சு வரை சுரண்டி வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், மேலே கரும்பச்சை. சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும், பூக்கிற உப்பும் வெள்ளைக்குள் மறையும். இரண்டுக்கும் நடுவே 2 அங்குல மரச்சட்டம் ஒன்றை ஓடாவியாரிடம் சொல்லிப் பிடித்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். சிவப்புச் சீமெந்துத் தரை உள்ள வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். சிவப்பும் கரும்பச்சையும் நேரே முட்டினால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் கண்ணை உறுத்தும். நடுவே வெள்ளை வந்தால் இரண்டும் அடங்கும்.

அடுத்தது சுவரின் முகம். பழைய டிஸ்டெம்பர் (தேய்த்தால் மாவாக உதிரும் மலிவான சுவர்ப் பெயின்ட்) மேல் கறுப்புத் துணியால் தேய்த்து, துணி வெளுத்தால் அந்தப் படை முழுவதையும் சுரண்டி எடுக்கவேண்டும். அதன் மேல் அடிக்கும் எதுவும் சுவரைப் பிடிக்காது, டிஸ்டெம்பரைத்தான் பிடிக்கும். பூஞ்சணம் இருந்தால் வீட்டுப் பாவனைக்கான குளோரீன் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து தடவி, 15 நிமிடத்தால் கழுவிக் காயவிடுங்கள். கையுறை போடுங்கள், யன்னலைத் திறந்துவையுங்கள், அதோடு வேறு எந்தக் கழுவும் திரவத்தையும் கலக்கவேண்டாம்.

சுவரின் குழிகளை நிரப்பிச் சமப்படுத்தும் ஃபில்லரை ஒரே தரத்தில் தடிப்பாக இழுக்காமல் மெல்லிதாக இரண்டு தரம் இழுத்து, 120 இலக்க சாண்ட்பேப்பரால் ஒருதரமும் 180 அல்லது 220ஆல் ஒருதரமும் தேய்க்கவேண்டும். நிலத்திலிருந்து 3 அடிக்குள் சாதாரண உள்சுவர் ஃபில்லர் வேண்டாம், ஈரம் பட்டால் களிபோல இளகும். அங்கே சீமெந்தில் செய்த ஃபில்லர் போடுங்கள். தேய்த்து முடிந்தபின் இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச் லைட்டைச் சுவரோடு சுவராகப் பிடித்துப் பாருங்கள். பகலில் கண்ணாடிபோலத் தெரிந்த சுவரில் கரண்டி இழுத்த வரியும் குழியும் அப்போது நிழலோடு எழும்பும். பென்சிலால் வட்டம் போட்டு அந்த இடங்களைத் திருத்துங்கள். கடும் நிறத்தில் யன்னல் வெளிச்சம் பக்கவாட்டாக விழும்போது இதே குழிகள்தான் தெரியப் போகின்றன. பிறகு தூசியை ஈரத்துணியால் துடைத்து, ஃபில்லர் போட்ட இடம் போடாத இடம் என்று பாராமல் முழுச் சுவருக்கும் பிரைமர். போட்ட இடத்துக்கு மட்டும் பிரைமர் விட்டால், அல்லது ஒன்றுமே விடாவிட்டால், ஃபில்லர் பெயின்டை உறிஞ்சி அந்த இடம் மங்கல் திட்டாக நிற்கும்.

இப்போது டின்னுக்கு வருவோம். இங்கேதான் கடையிலும் வீட்டிலும் விளக்கக் குறைவு அதிகம். வெளிர் நிறங்கள் வெள்ளை பேஸில், அதாவது சாயம் விடமுன் டின்னில் இருக்கும் வெள்ளைப் பெயின்டில், கலக்கப்படுகின்றன. அதில் டைட்டேனியம் டைஒக்சைட் என்ற வெண்பொடி நிறைய உண்டு, கீழே உள்ளதை மறைப்பது அதுதான். கரும்பச்சையை அந்த பேஸில் கலந்தால் எவ்வளவு சாயம் விட்டாலும் பால் கலந்த பச்சையாகத்தான் வரும். அதனால் வெண்பொடி குறைந்த, அல்லது இல்லவே இல்லாத டீப் பேஸில் கலக்கிறார்கள். நிறம் ஆழமாக வரும், மறைக்கும் சக்தி குறையும். வெள்ளைப் பிரைமர் மேல் இதை அடித்தால் இரண்டு கோட்டிலும் ரோலர் போன தடம் எல்லாம் தெரியும், 4, 5 கோட் போனாலும் வெளிச்சத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும். "பெயின்ட் தண்ணியாக இருக்கு" என்ற முறைப்பாடு இதனால்தான்.

வழி இலேசானது. பிரைமருக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு அடிக்கோட் அடியுங்கள். வெள்ளை பேஸ் இமல்ஷனில், மழைமுகில் அளவுக்கு நடுத்தரச் சாம்பலாகக் கடையில் கலந்து தருவார்கள். அதற்கு மேல் கரும்பச்சை 2 கோட்டில் பெரும்பாலும் மூடிவிடும், 3ஆவது கோட் அழகுக்கு. சாம்பல் அடிக்கோட்டுக்குப் போகும் காசு, மிச்சமாகும் இரண்டு கோட் கரும்பச்சையில் திரும்பி வந்துவிடும். டீப் பேஸ் நிறங்களே விலை கூடியவை. வெள்ளை டின் வாங்கி, சின்னப் போத்தல் சாயத்தைத் தாங்களே ஊற்றிக் கரும்பச்சை ஆக்கப் பார்க்கும் பழக்கத்தை விடவேண்டும். சாயம் அளவு மீறினால் பெயின்ட் சரியாக இறுகாது, மாதக் கணக்கில் முதுகு உராயும் சட்டையெல்லாம் பச்சையாகும்.

அளவுக் கணக்கு சொல்கிறோம். நன்றாக ஃபில்லர் இழுத்த சுவருக்கு 1 லீற்றர், ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி ஓடும். வெறும் பூச்சுச் சுவர் என்றால் 70, 80தான். 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்று வையுங்கள். நாலு சுவரும் 440 சதுர அடி. ஒரு கதவும் 4 அடிச் சதுர யன்னல் இரண்டும் கழித்தால் 387. ஒரு கோட்டுக்கு 4 லீற்றர், மூன்று கோட்டுக்கு 12 லீற்றர். 12 அடிச் சுவர் ஒன்றுக்கு மட்டும் என்றால் மூன்று கோட்டுக்கும் 3.6 லீற்றர், ஒரு 4 லீற்றர் டின் போதும், திருத்தத்துக்கு ஒரு கோப்பை மிஞ்சும். பல டின் வாங்கினால் ஒரே நாளில் ஒரே மெஷினில் கலக்கச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றி ஒன்றாகக் கலக்கிவிட்டுத் தொடங்குங்கள். டின்னுக்கு டின் சிறு நிற வேறுபாடு வரும். வெள்ளையில் தெரியாது, கரும்பச்சையில் சுவரின் நடுவே கோடு போட்டதுபோலத் தெரியும்.

தண்ணீர் பற்றியும் சொல்லியாகவேண்டும். டின்னில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். பெரும்பாலான இமல்ஷன்களுக்கு முதல் கோட்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தேவையில்லை, அதாவது 4 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். கடைசிக் கோட்டுக்கு அதில் பாதி. கூலி பேசும்போதே "இத்தனை டின்னில் முடிக்கவேண்டும்" என்று கட்டுப்படுத்தினால், வேலை செய்பவர் தண்ணீரால்தான் ஈடுகட்டுவார். அது வீட்டுக்காரருக்கே நட்டம். உவர்க் கிணற்றுத் தண்ணீரை விட்டால், கொத்தி எடுத்த உப்பை நீங்களே திரும்பச் சுவரில் பூசுகிறீர்கள்.

அடிக்கும் முறை. 9 அங்குல ரோலர், 10 மில்லிமீற்றர் மயிர். ஸ்பொஞ் ரோலர் வேண்டாம், குமிழி விட்டு உடைந்து ஊசிக்குத்துப்போலக் குழி நிற்கும். ஓரம் வெட்ட, அதாவது ரோலர் எட்டாத விளிம்பையும் மூலையையும் அடிக்க, இரண்டரை அங்குலப் பிரஷ். ஒருவரே நாலு சுவரின் ஓரத்தையும் முதலில் வெட்டி முடித்துவிட்டுப் பிறகு ரோலர் எடுத்தால், ஓரம் காய்ந்து படச்சட்டம் போட்டதுபோல அறை முழுக்கக் கறுத்த கரை தெரியும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் 3 அடி வெட்ட, மற்றவர் அது காயமுன் ரோலரை ஓரத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் இழுத்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் முடிக்கவேண்டும். தொடங்கிய சுவரை முடிக்காமல் தேத்தண்ணிக்கு இறங்கக் கூடாது. பாதியில் நின்ற இடம் பிறகு எத்தனை கோட் அடித்தாலும் பக்க வெளிச்சத்தில் தெரியும்.

வெள்ளைச் சீலிங்கோடு பச்சை சேரும் கோடு நேராக வர ஒரு வழி: டேப்பை ஒட்டி, அதன் ஓரத்தில் முதலில் சீலிங்குக்கு அடித்த அதே வெள்ளையை மெல்லிதாக ஒரு இழுப்பு இழுத்துக் காயவிடுங்கள். டேப்பின் கீழே ஊறுவது வெள்ளையாகவே ஊறி அடைத்துக்கொள்ளும். பிறகு பச்சை. கடைசிக் கோட் முழுதாகக் காயமுன் டேப்பைச் சரித்து மெதுவாக உரியுங்கள்.

காலநேரம் எங்கள் பக்கத்துக்கு மிக முக்கியம். மாசி, பங்குனி நல்ல மாதங்கள். கச்சான் வீசும் மாதங்களில் காலை 10 மணிக்குள்ளும் பின்னேரம் 4 மணிக்குப் பிறகும்தான் ரோலர் பிடிக்கலாம். நடுவில் பிடித்தால் பெயின்ட் ரோலரிலேயே இழுபடும், ஓரம் நிமிடத்தில் காயும், வளவுத் தூசி வந்து ஒட்டும். காற்று வரும் பக்கத்து யன்னலைச் சாத்தி, நிலத்தை நனைத்துவிட்டு அடியுங்கள். மாரியில் அடிப்பதென்றால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே டின் சொல்லும் 2, 4 மணித்தியாலத்தை நம்பாமல் ஒரு இரவு விடுங்கள்.

மாரியில் இன்னொரு தோற்றம் வரும், அதற்குப் பயப்படவேண்டாம். அடித்துச் சில நாளில் சுவரில் நத்தை ஊர்ந்ததுபோலப் பிசுபிசுப்பான வழிவு தெரியும், பழுப்பாகவோ வெளிறலாகவோ. சாயத்தைப் பெயின்டில் கரைக்கச் சேர்க்கும் பொருட்கள், பெயின்ட் இறுகமுன் ஈரக்காற்றில் வெளியே வருவதுதான் அது. கடும் நிறத்தில் சாயம் அதிகம், அதனால் இதுவும் அதிகம். ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தால் போகும், இரண்டு மூன்று தரம் திரும்ப வந்து பிறகு நின்றுவிடும். அதன் மேல் உடனே இன்னொரு கோட் அடித்தால்தான் பிழை. உப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்: உப்பு மாவாக உதிரும், இது பிசினாக ஒட்டும்.

மினுக்கமில்லாத மேட்டா, இலேசாக மினுங்கும் சில்க்கா? படத்தில் வடிவாகத் தெரிவது மேட். ஆனால் மேட் கரும்பச்சையில் கை உரசிய இடம், கதிரை முதுகு பட்ட இடம் எல்லாம் பளபளத்து நிற்கும், துடைத்தால் இன்னும் பளபளக்கும். பிள்ளைகள் ஓடித்திரியும் ஹோலுக்கும் நடைபாதைக்கும் மினுக்கம் குறைந்த சில்க் எடுங்கள். படுக்கையறைத் தலைமாட்டுச் சுவருக்கு மேட் சரி. முழு மினுக்கம் எங்குமே வேண்டாம், சுவரின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். குசினிக்கு இந்த நிறத்தை நாங்கள் சொல்வதில்லை. தாளிக்கும் எண்ணெய் ஆவியில் தூசி ஒட்டிச் சாம்பல் படையாகும். வெற்றிலை போடுபவர்கள் உள்ள வீட்டில் விறாந்தைத் தூணுக்கும் வேண்டாம். சுண்ணாம்பு விரலைத் துடைத்த அடையாளம் அதில் பட்டால் பட்டதுதான். பல்லி எச்சமும் அப்படியே: காய்ந்தபின் தட்டிவிட்டு ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவேண்டும், தேய்க்கக் கூடாது.

நிறத்தைத் தெரிவு செய்யும்போது அட்டையில் உள்ள விரலளவுத் துண்டை நம்பவேண்டாம். சின்ன டின் ஒன்று வாங்கி, 2 அடிச் சதுர ஹாட்போட்டில் ஓரத்தில் வெள்ளை விட்டு இரண்டு கோட் அடியுங்கள். நனைந்திருக்கும்போது வெளிறித் தெரியும், காய்ந்ததும் கறுக்கும், அதனால் அடுத்த நாள் பாருங்கள். அதைச் சுவருக்குச் சுவர் மாற்றி வைத்துக் காலை, மத்தியானம், விளக்கு வைத்தபின் என்று மூன்று வேளையும் பாருங்கள். எங்கள் வீடுகளில் பரவலாக உள்ள 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் கரும்பச்சை நீலம் பாய்ந்து குளிர்ந்துபோகும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் இலையின் பச்சை வரும். இரண்டும் பிடிக்காவிட்டால் 4000. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 80க்கு மேல் திருப்பித் தரும், கரும்பச்சை 10க்கும் குறைவாகத்தான் தரும். நாலு சுவருக்கும் அடிப்பதென்றால், 9 வாட் எல்இடி ஒன்று போதுமாக இருந்த அறைக்கு இரண்டு மூன்று வேண்டும். வயரிங் வேலையைப் பெயின்டுக்கு முன் முடியுங்கள். யன்னல் உள்ள சுவருக்கு அடிக்காமல், யன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு அடித்தால் வெளிச்சம் அதில் விழுந்து நிறம் உயிரோடு இருக்கும். யன்னல் சுவரே கரும்பச்சை என்றால் வெளி வெளிச்சத்துக்குப் பக்கத்தில் அது கறுப்பாகவே தெரியும். மருதமுனைக் கைத்தறியில் கிறீம் நிறத் திரை, தரையில் பன்பாய் ஒன்று, அவ்வளவு போதும். மற்றச் சாமான் குறையக் குறைய இந்த நிறம் எடுபடும்.

வெளிச்சுவருக்குக் கரும்பச்சை வேண்டும் என்பவர்களிடம், மேற்கு, தென்மேற்குச் சுவருக்கு வேண்டாம் என்றுதான் சொல்வோம். மத்தியான வெயிலை முழுவதும் குடித்து, இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் விடும். பூச்சு சூட்டில் விரிந்து சுருங்கி மயிரிழை வெடிப்பு வரும். நிழல் விழும் விறாந்தைச் சுவருக்கு அடிக்கலாம். அதற்கும் வெளிச்சுவர்ப் பெயின்டையே எடுத்து, வெளிப் பாவனைக்கு ஏற்ற சாயத்தில் கலந்ததா என்று கடையில் கேளுங்கள். பச்சைக்குள் மஞ்சளும் இருக்கிறது. உள்சுவருக்கான சில மஞ்சள் சாயங்கள் வெயிலில் முதலில் செத்துப்போகும், மிஞ்சுவது நீலம் பாய்ந்த பச்சை.

யன்னல் கம்பிக்கும் கேற்றுக்கும் கரும்பச்சை எனாமல் எங்கள் பக்கத்துக்குப் பழைய பழக்கம். கடற்காற்றில் நின்ற கம்பியை முதலில் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவையுங்கள். உப்புப் படிந்தபடி அடித்தால் பெயின்டுக்குக் கீழே ஈரத்தை இழுத்துக் கொப்புளிக்கும். துருவை வயர் பிரஷாலும் எமரித் தாளாலும் எடுத்து, அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். இரவு தாண்டினால் திரும்பத் துரு மஞ்சளாகப் பூக்கும். கடலோரத்துக்கு ரெட் ஒக்சைட் அல்லது சிங்க் பொஸ்பேட் பிரைமர் 2 கோட், எனாமல் 2 கோட், நடுவே ஒரு முழு இரவு. பட்டைக் கம்பியின் விளிம்பில் பெயின்ட் நிற்காமல் வழிந்து மெல்லிதாகும், துரு தொடங்குவதும் அங்கேதான். விளிம்புகளுக்கு மட்டும் தனியாக ஒரு பிரஷ் இழுப்பு கூடுதலாகக் கொடுங்கள்.

பத்து இருபது வருசத்துக்கு முந்திய கதவு யன்னலைத் தேய்க்கும்போது மட்டும் கவனம். பழைய எனாமல்களில் ஈயம் இருந்திருக்கலாம். அந்தக் காலத்துப் பச்சைகளில் ஒரு வகை, ஈயக் குரோமேட் மஞ்சளையும் பிரஷ்யன் நீலத்தையும் சேர்த்தே செய்யப்பட்டது. காய்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் சாண்ட்பேப்பரால் தேயுங்கள். நெருப்பு வைத்து உரிக்கவேண்டாம். கீழே பொலித்தீன் விரித்து, விழுந்ததை ஈரத்தோடு சுருட்டி எடுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அன்றைக்கு அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கரும்பச்சை கலந்து கொடுக்கும்போது நிறக் குறியீட்டையும் எந்த பேஸ் என்பதையும் கலந்த திகதியையும் டின் மூடியிலும் பற்றுச்சீட்டிலும் எழுதிக் கொடுங்கள். சாம்பல் அடிக்கோட் வேண்டும் என்பதை விற்கும்போதே வாயால் சொல்லுங்கள். வாங்குபவர்கள் மிஞ்சிய பெயின்டைப் பெரிய டின்னில் அடியில் விட்டுவைத்தால் மேலே தோல் கட்டி வீணாகும். கழுத்து வரை நிறையும் சின்னப் போத்தலில் ஊற்றி, இறுக மூடி, அந்த விபரங்களை அதன் மேலும் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிறகு கீறல் விழுந்தால் ரோலர் எடுக்காமல், மெல்லிய பிரஷால் கீறலுக்குள் மட்டும் தொட்டுவிடுங்கள். கீறல் பெரிதென்றால் அந்தச் சுவரை மூலையிலிருந்து மூலை வரை ஒரு கோட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நடுவில் ஒட்டுப்போட்ட கரும்பச்சை எந்த வெளிச்சத்திலும் தெரியும்.

இப்படிக்கு,
பூச்சு, பெயின்ட் வேலை செய்வோர் சிலர்,
கல்லடி – நாவற்குடா, மட்டக்களப்பு.